மாமன் கொடுத்த கிடாரி

நாமகிரிப்பேட்டை
11.8.2024

அன்புத் தம்பி கதிர்வேலுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். நீ விடுகிறாயா என்று தெரியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆடி பிறந்த மூன்றாம் நாள் ரிக் வண்டி ஏறி ராஜஸ்தான் போய்விட்டாய் என்று பிரவீனா சொன்னபோது நான் நம்பவில்லை. "ஏனம்மிணி, அவன் மாட்டுக்கு ஊசி போடறவன். போர் போடறதுக்கு அவன் எதுக்குப் போறான்?" என்று உன் பெண்டாட்டியிடமே சண்டை பிடித்தேன். பதினாறு வருடம் எடப்பாடிப் பக்கம் ஊர் ஊராகப் போய்ச் சினை ஊசி போட்ட கை, இப்போது பாலைவனத்தில் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதாம். போன் நம்பரையும் மாற்றிவிட்டாய். பிரவீனாவுக்கு மட்டும் வாரம் ஒருமுறை மேனேஜர் போனிலிருந்து பேசுகிறாயாமே. கூடப் பிறந்தவளிடம் பேச உன் வாய்க்கு என்ன வந்தது?

விடுவேனா நான்? திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறி உன் ரிக் ஆபீசுக்கே போய்விட்டேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். "சனிக்கிழமையானா வண்டிக்குச் சாமான் பார்சல் போகுதுங்க. கடுதாசி எழுதிக் குடுங்க, உள்ள வெச்சு அனுப்பிடறேன்" என்றார். ஆக, போல்ட்டு நட்டோடு சேர்ந்து இதுவும் உன்னிடம் வந்து சேரும். படிக்காமல் கிரீஸ் துடைத்துவிடாதே.

திட்டியது போதும். விஷயத்துக்கு வருகிறேன். இலக்கியாவின் கிடாரி ஒன்றாம் தேதி மறுபடியும் பருவத்துக்கு வந்து கத்தியிருக்கிறது. பங்குனியிலிருந்து நீ போட்டது ஆறு ஊசி. ஆறிலும் சினை நிற்கவில்லை. இருபத்தோராம் நாள் ஆனால் கத்திக்கொண்டு நிற்கிறது.

உனக்கு ஞாபகம் இருக்கும். அவள் கல்யாணத்தில் தாய்மாமன் சீராக நீ அந்தக் கன்றைக் கொண்டுவந்து பந்தல்காலில் கட்டினாய். ஆறு மாதக் குட்டி, கழுத்தில் சின்ன மணி. "இது ஈனறப்ப எங்க அம்மிணி மடியிலயும் ஒரு குழந்தை இருக்கும் பாருங்க" என்று சபைக்கே கேட்கிற மாதிரி சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சம்பந்தியம்மாள் ஜானகியம்மாள் அதை மறக்கவே இல்லை. கிடாரி கத்தும்போதெல்லாம் இலக்கியாவைத்தான் பார்க்கிறாராம்.

உன் இடத்துக்கு நந்தகுமார் என்று ஒரு பையன் வருகிறானாம். "அம்மா, அவரை ஒரு தடவை கூப்புட்டுப் பாக்கட்டுமாங்க?" என்று இலக்கியா போனில் கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாமன் கொடுத்த மாடு, மாமன் கைதான் ராசி, அவன் ஊரில் இல்லாத நேரம் பார்த்து இன்னொருத்தனை விட்டால் அவனுக்கு எவ்வளவு அவமானம் என்று வாயை அடைத்துவிட்டேன். மாமன் என்ன எழுதுகிறானோ அதன்படி செய் என்று சொல்லியிருக்கிறேன். அதனால் எழுது. அவளை அந்த ஊரில் கட்டிக் கொடுத்ததே நீ பக்கத்தில் இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான்.

வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் தலையில் துண்டு போட்டுக்கொள்.

உன் அக்கா
அமுதவல்லி


ஜோத்பூர் பக்கம்
1.9.2024

மரியாதைக்குரிய அக்காவுக்குத் தம்பி கதிர்வேல் வணக்கம் சொல்லி எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் கம்ப்ரசர் பெல்ட்டோடு வந்து சேர்ந்தது. எங்கள் டிரில்லர் பிரித்துப் பார்த்து, "உனக்குப் பொம்பளை எழுத்துல கடுதாசி வந்திருக்குடோய்" என்று வண்டி முழுக்கச் சொல்லிவிட்டான். அக்கா என்று சொன்ன பிறகுதான் கொடுத்தான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். போனில் உங்கள் குரல் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. எழுதுவதென்றால் யோசித்து எழுதலாம். இங்கே எண்ணூறு அடி, ஆயிரம் அடி என்று போகிறது. பாதிக் குழியில் புழுதிதான் வருகிறது. பகலில் தூங்கக் கிடைத்தால் வண்டிக்கு அடியில் படுக்கிறோம். சாப்பாடு நம்மூர்ச் சமையல்காரர் பொங்குவது, குறையில்லை. ஊசித் தொழில் எனக்கு அலுத்துவிட்டது அக்கா. வருடம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் மாட்டுக்குப் பின்னாலேயே நின்று என்ன கண்டேன்?

கிடாரியைப் பற்றி. கன்னிக் கிடாரி முதலில் அப்படித்தான் போக்குக் காட்டும், பயப்பட ஒன்றுமில்லை. தாது உப்பு தினமும் வையுங்கள். பச்சைப்பயறு முளைகட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நந்தகுமாரை மட்டும் இப்போதைக்குக் கூப்பிட வேண்டாம். சின்னப் பையன், கை பழகவில்லை. கருப்பை வாயில் குச்சியை ஏறுக்குமாறாகக் குத்திவிட்டான் என்றால் பிறகு அந்த மாடு எந்தக் காலத்திலும் நிற்காது. கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லுங்கள். நானே வந்தாலும் வந்துவிடுவேன்.

மச்சானுக்கு என் வணக்கம். இலக்கியாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கள் தம்பி
கதிர்வேல்


நாமகிரிப்பேட்டை
29.9.2024

அன்புத் தம்பிக்கு,

நீ எழுதியபடியே எல்லாம் நடந்தது. தாது உப்பு வைத்தாள். பச்சைப்பயறு முளைகட்டினாள். கிடாரி நன்றாகத் தின்று மினுமினுவென்று ஆகிவிட்டது. அதற்குள் இரண்டு பருவம் வீணாகப் போனது. காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி போட்டாக வேண்டும் என்று எனக்கே நீ பாடம் எடுத்திருக்கிறாய். யாரையும் கூப்பிடாமல், அது கட்டுத்தறியைச் சுற்றிச் சுற்றிக் கத்துவதைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம் என் பெண். பொறு என்றாயே, அதனால் பொறுத்தாள்.

நானும் போன வாரம் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன். என் காதால் கேட்டதை எழுதுகிறேன், பிறகு நான் மிகைப்படுத்துகிறேன் என்று சொல்லாதே. பால் ஊற்றும் இடத்தில் யாரோ ஒருத்தி ஜானகியம்மாளிடம் கிடாரி சினையா என்று கேட்டாள். அதற்கு அந்த அம்மாள், "எங்கீங்க, வந்த சீரும் நிக்கலை, சீரு கொண்டாந்தவளும் நிக்கலை" என்றார். நான் பக்கத்தில்தான் பால் கேனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் நிற்பது தெரிந்துதான் சொன்னார். மாப்பிள்ளை மோகன்குமார் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். இலக்கியா உள்ளே போய்விட்டாள். தம்பி, கல்யாணமாகி ஒன்றேகால் வருடம்தான் ஆகிறது. அதற்குள் ஒரு மாட்டைக் காட்டி என் பெண்ணைப் பேசுகிறார்கள். அந்த மாட்டையும் குழந்தையையும் சேர்த்துச் சபையில் முடிச்சுப் போட்டவன் நீ.

தரகர் காளியப்பன் தீபாவளிக்குள் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். சினை பிடிக்காத கிடாரியை யார் வாங்குவார்கள், எங்கே கொண்டுபோவார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாமன் சீரை அறுப்புக்கு அனுப்புவதா என்று உன் மச்சான் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

ஆறு தடவை கையை உள்ளே விட்டுப் பார்த்தவன் நீ. உனக்குத் தெரியாமல் இருக்காது. அந்த மாடு சினை பிடிக்குமா, பிடிக்காதா? ஒரே ஒரு வார்த்தை எழுது. பிடிக்கும் என்று நீ எழுதினால், அவர்கள் வேண்டாம் என்றாலும் நான் ஓட்டிக்கொண்டு வந்து என் வாசலில் கட்டிக்கொள்கிறேன்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
அக்கா


ஜோத்பூர் பக்கம்
13.10.2024

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தீர்கள்.

அது சினை பிடிக்காது அக்கா. நான் ஊசி போடும்போதே எனக்குச் சந்தேகம் இருந்தது. கருப்பை சின்னதாக இருக்கிறது. சில மாடு பிறவியிலேயே அப்படி. உங்கள் மனசு நோகுமே என்றுதான் முதல் கடிதத்தில் எழுதவில்லை. வைத்துக்கொண்டு தீனி போடுவது வீண். விற்றுவிடச் சொல்லுங்கள்.

ஜானகியம்மாள் பேச்சைப் பெரிதுபடுத்த வேண்டாம். நான் வரும்போது அதைவிட நல்ல மாடாக, சினை மாடாகவே, இலக்கியாவுக்குப் பிடித்து வருகிறேன். சத்தியமாகச் செய்வேன்.

இங்கே ஒரு வேலையாள் கையில் பைப் விழுந்து விரல் போய்விட்டது. அதனால் ஆள் குறைவு, நிறைய எழுத நேரமில்லை.

தம்பி
கதிர்வேல்


நாமகிரிப்பேட்டை
10.11.2024

அன்புத் தம்பிக்கு,

விற்றாயிற்று.

தீபாவளிக்கு முந்தின திங்கட்கிழமை காளியப்பன் லாரியோடு வந்தார். நானும் போயிருந்தேன். சம்பந்தி வீட்டில் கடைசி நேரத்தில் தயங்கினார்கள். மாமன் சீரை நாங்களாக விற்றோம் என்ற பேச்சு வரக்கூடாதாம். அதனால் உன் கடிதத்தை எடுத்துப்போய், கூடியிருந்த ஊர்க்காரர்கள் முன்னால் நானே அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். "பிறவியிலேயே அப்படி" என்ற இடம் வந்தபோது ஜானகியம்மாள் கையைத் தட்டினார். "கேட்டுக்கங்க. குடுத்தவரே சொல்லிப்போட்டாரு. இனி நான் ஒரு வார்த்தை பேசுனா என்னைக் கேளுங்க" என்றார். நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

கிடாரி லாரியில் ஏறவில்லை. நாலு பேர் பிடித்துத் தள்ளியும் காலை ஊன்றிக்கொண்டு நின்றது. இலக்கியா போய்க் கயிற்றைப் பிடித்தாள். அவள் முன்னால் நடந்ததும் பின்னாலேயே ஏறிவிட்டது. ஏற்றிவிட்டு அவள் இறங்கினாள். கைகாலைக் கழுவிக்கொண்டு எல்லோருக்கும் காபி வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

போன வியாழக்கிழமை அவளைக் கொண்டுவந்து இங்கே விட்டுவிட்டார்கள். "ஒரு மாசம் அம்மா ஊட்ல இருந்துட்டு, நல்ல டாக்டரைப் பாத்துட்டு வரட்டுங்க" என்றார் ஜானகியம்மாள். சொன்னது ஒரு மாசம். கொண்டுவந்து இறக்கியது அவள் துணிமணி அத்தனையும், பீரோச் சாவியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு. மாப்பிள்ளை காரை விட்டு இறங்கவே இல்லை. இஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

இதெல்லாம் உன்னால் என்று நான் சொல்லவில்லை. மாடு மலடாகப் பிறந்ததற்கு நீ என்ன செய்வாய்? ஆனால் அவள் கூடத்தில் உட்கார்ந்து மஞ்சள் காட்டில் களைக்கொத்துக்கு ஆள் வருமா, மரவள்ளிக் கிழங்கு மில்லுக்கு எப்போது போகும் என்று வேற்று வீட்டுக்கு வந்தவள் போல விசாரிக்கும்போது எனக்கு யாரையாவது பிடித்து நாலு அறை விட வேண்டும் போல இருக்கிறது. நீ அகப்படும் தூரத்தில் இல்லை.

அவளுக்கு நாலு வரி எழுது. மாமன் எழுதினால் தெம்பாக இருக்கும்.

உன் அக்கா
அமுதவல்லி


நாமகிரிப்பேட்டை
12.1.2025

கதிர்வேலுக்கு,

இரண்டு மாதமாகியும் நீ பதில் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் உன் வாயால் கேட்க வேண்டும்.

இலக்கியாவின் நகைப்பெட்டியை வாங்கிவர முந்தாநாள் அவள் ஊருக்குப் போனேன். பஸ் ஸ்டாப்பில் பொன்னாயி நின்றிருந்தாள். இலக்கியாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, உனக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய மாட்டுக்கும் பங்குனியிலிருந்து நீ நாலு ஊசி போட்டும் நிற்கவில்லை. ஆனால் அவள் விற்கவில்லை. யாரையும் கேட்காமல் ஆவணியில் நந்தகுமாரைக் கூப்பிட்டிருக்கிறாள். ஒரே ஊசி. இப்போது ஐந்து மாதச் சினை. அவள் மாடு மட்டுமா? அந்தத் தெருவில் விற்காமல் வைத்திருந்த ஒன்பது மாட்டுக்கும் அதே கதை. பங்குனிக்கு முன்னால் நீ போட்ட ஊசியெல்லாம் நின்றிருக்கிறது. பங்குனியிலிருந்து ஆடி வரை போட்டதில் ஒன்றுகூட நிற்கவில்லை. பொன்னாயி இதை என்னிடம் குற்றமாகச் சொல்லவில்லை. அதிசயமாகச் சொன்னாள். "உங்க தம்பிக்கு அந்த நாலு மாசம் ஏதோ சனி புடிச்சிருக்குங்க" என்றாள்.

நான் நந்தகுமாரைத் தேடிப் பிடித்தேன். அந்தப் பையனுக்குப் பெரியவனைப் பற்றிப் பேசத் தயக்கம். கெஞ்சிக் கேட்டபிறகு, "மாட்டுல ஒரு கோளாறும் இல்லீங்கக்கா. போட்ட விதைதான் செத்துருக்கோணும். விதையை உறைய வெச்சிருக்கற நைட்ரஜன் கேன்ல வத்திப் போயிருந்தா அப்படித்தான் ஆகுமுங்க" என்றான்.

நேராக உன் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் உன் நைட்ரஜன் கேன் கிடந்தது. அடிப்பக்கம் நசுங்கி, உள்ளே மழைத்தண்ணீர். பிரவீனாவைக் கேட்டேன். "பங்குனி நோம்பி அன்னிக்குக் குடிச்சுப்போட்டு வண்டியோட உழுந்துட்டாருங்க. கேன் வெளிப்பக்கமெல்லாம் வேர்த்துக் கொட்டுச்சு, ரெண்டே நாள்ல ஒண்ணுமில்லாமப் போச்சுங்க. அப்பறம் வேற கேன் வாங்கிட்டேன்னு சொன்னாரு. நானும் நம்பிட்டேனுங்க" என்று அழுதாள்.

வேறு கேன் வாங்கினாயா? வாங்கவில்லையா?

வாங்கவில்லை என்றால், செத்த விதை என்று தெரிந்தே நாலு மாதம் வீடு வீடாகப் போய்ப் போட்டாயா? என் பெண்ணுடைய கிடாரிக்கும் போட்டாயா? பிறகு "பிறவியிலேயே அப்படி" என்று எனக்கு எழுதினாயா? நான் அதை ஊர் முன்னால் வாசித்தேனே, பாவி.

இல்லை என்று எழுது. நீ சொல்வது பொய்யாக இருந்தாலும் இந்த ஒரு தடவை நம்புகிறேன்.

அமுதவல்லி


ஜோத்பூர் பக்கம்
9.2.2025

அக்கா,

வேறு கேன் வாங்கவில்லை.

இதை எழுத ஒரு மாதம் ஆயிற்று. நாலு தாளைக் கிழித்தேன். இனி எதையும் மறைக்கவில்லை.

விழுந்தது உண்மை, குடித்திருந்ததும் உண்மை. மறுநாள் பார்த்தேன், கேன் ஐஸ் டப்பா போல வெளியே வேர்த்திருந்தது. அப்படி வேர்த்தால் முடிந்தது என்று அர்த்தம். உள்ளே இருந்த விதைக் குச்சி அத்தனையும் செத்துப் போய்விட்டது. குச்சி கொடுக்கிற இடத்தில் போய்ச் சொன்னால் எப்படி ஆயிற்று என்று கேட்பார்கள். குடித்து விழுந்தேன் என்று சொல்லிவிட்டு அந்தத் தொழிலில் நிற்க முடியுமா? ஒரு வாரம் உடம்பு சரியில்லை என்று வீட்டில் படுத்துக்கொள்ளலாம், அதற்குள் எங்காவது ஒரு பழைய கேன் புரட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் இலக்கியா வீட்டிலிருந்து போன் வந்தது. கிடாரி முதல்முதலாகப் பருவத்துக்கு வந்திருக்கிறது என்று. போனேன். வேறு ஆளைக் கூப்பிடுங்கள் என்று சொல்லத்தான் போனேன் அக்கா, சாமி சத்தியம். போனால் ஜானகியம்மாள் மாட்டுக்கு மாலை போட்டு வைத்திருக்கிறார். தெருப் பெண்கள் நாலு பேரைக் கூப்பிட்டு, "மாமன் குடுத்த கிடாரி, மாமன் கையாலயே மொத ஊசி" என்று பெருமை பேசுகிறார். இலக்கியா சொம்பில் வெந்நீரோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள். உறைந்த குச்சியை இளக்க வெந்நீர் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், நான்தான் சொல்லிக் கொடுத்தது. அந்தக் கூட்டத்தில் என்னிடம் விதை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செத்த குச்சியைப் போட்டுவிட்டு, கொடுத்த பாயசத்தைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஒரு இடத்தில் போட்ட பிறகு அடுத்த வீட்டில் கூப்பிட்டால் இல்லை என்று எப்படிச் சொல்வது? கேனைத் திறந்தால் வெள்ளைப் புகை வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அது வராதது தெரியாமல் இருக்க வண்டியைத் திருப்பி நிறுத்திக்கொண்டு, முதுகைக் காட்டித் திறப்பேன். ஒவ்வொரு நாளும் நாளைக்கு நிறுத்திவிடலாம் என்று நினைப்பேன். இருபத்தொரு நாள் கழித்து அதே மாடு கத்தும். அதே ஆட்கள் கூப்பிடுவார்கள். ஒருத்தர்கூட என்னைச் சந்தேகப்படவில்லை. மாட்டைத்தான் சந்தேகப்பட்டார்கள். மாடுகளை விற்க ஆரம்பித்தபோதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ரிக் ஏறிவிட்டேன்.

நந்தகுமாரைக் கூப்பிட வேண்டாம் என்று எழுதினேனே, அவன் கை பழகாதவன் என்பதால் இல்லை. அவன் போட்டு ஒரே ஊசியில் நின்றுவிட்டால் நான் அகப்பட்டுக்கொள்வேன் என்பதால்தான். விற்கச் சொன்னதும் அதற்காகத்தான். என்னைக் காறித் துப்புங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது உங்களோடு இருக்கட்டும். அந்த ஊரில் தெரிந்தால் பிரவீனாவும் குழந்தைகளும் தெருவில் நடக்க முடியாது. நானும் திரும்பி வர முடியாது. இலக்கியாவுக்கு டாக்டர் செலவோ எதுவோ, என் காலம் முழுக்கச் சம்பாதித்துக் கொடுத்துவிடுகிறேன். உங்கள் தம்பிக்காக இந்த ஒன்றை மட்டும் விழுங்கிக்கொள்ளுங்கள் அக்கா.

உங்கள் பாவப்பட்ட தம்பி
கதிர்வேல்


நாமகிரிப்பேட்டை
23.3.2025

கதிர்வேலுக்கு,

விழுங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தாய். மூன்று நாள் வாயில் வைத்திருந்தேன். இறங்கவில்லை.

மாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஊர் பால் சொசைட்டிக்குப் போனேன். பால் ஊற்ற வந்தவர்கள் கேனோடு வரிசையில் நின்றார்கள். உன் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். போன கடிதத்தை அவர்களுக்கு வாசித்தவள் நான். இதையும் நானே வாசிப்பதுதான் முறை. பாயசம் குடித்த வரியை மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். அவர்கள் பொறுமையாக நின்று கேட்டார்கள்.

அடிப்பார்கள் என்று நினைத்துத்தான் போனேன். இரண்டு பேர் கத்தினார்கள். ஒருத்தர் போலீசில் கொடுக்க உன் போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். சின்னாயி என்று ஒரு அம்மாள், ஒற்றை மாடு வைத்துப் பிழைத்தவர், அதையும் ஆனியில் காளியப்பனுக்கு விற்றவர், என் பக்கத்தில் வந்தார். "ஏனுங்க, அப்ப என்ற மாடு நல்ல மாடுதானுங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "அதைப் போட்டுத் திட்டுனனே, திட்டுனனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் என்னைச் செருப்பால் அடித்திருந்தால் நான் நிமிர்ந்து வீட்டுக்கு வந்திருப்பேன்.

பிரவீனாவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பொன்னாயி அன்றைக்கே போய்ச் சோறாக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். உன் குழந்தைகளைச் சாக்காக வைத்து நீ பயந்தது உனக்காகத்தான்.

ஜானகியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாசித்து முடித்ததும் அந்த அம்மாள் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. "அப்பக் கிடாரி மேல குத்தமே இல்லீங்களா? அட ஆண்டவா! அப்ப எங்க மருமவ மேலயும் ஒண்ணும் இல்லை" என்றார். மறுநாளே காரில் வந்துவிட்டார்கள். பூ, பழம், ஒரு பட்டுப்புடவை. மாப்பிள்ளை இந்த முறை இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்? அடுப்பில் பாலை வைத்துவிட்டு இலக்கியாவைப் புடவை மாற்றச் சொன்னேன்.

அவள் மாற்றவில்லை. கூடத்துக்கு வந்து மாமியார் முன்னால் நின்றாள். "அத்தை, கிடாரி மலடுன்னு என்னைக் கொண்டாந்து உட்டீங்க. கிடாரி நல்லதுன்னு தெரிஞ்சதும் கூப்புட வந்திருக்கீங்க. இடையில நான் ஒருத்தி இருக்கறனுங்களே, என்னை ஒருநாளாவது பாத்தீங்களா?" என்று கேட்டாள். சத்தம் போடாமல்தான் கேட்டாள். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க வண்டியிலயே உக்காந்திருந்தீங்க. போய் உக்காருங்க" என்றாள். தட்டோடு திருப்பி அனுப்பிவிட்டாள்.

அவர்கள் போனபிறகு நான் அவளைக் கோபித்துக்கொண்டேன். குடும்பமென்றால் நாலும் இருக்கும், மாமன் செய்த துரோகத்துக்கு அவர்கள் என்ன செய்வார்கள் என்றேன். அப்போது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள் கதிர்வேல். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியாது.

"மாமன் பயந்துக்கிட்டுப் பொய் சொன்னாருங்க. கிடாரி மலடுங்கற அந்தக் கடுதாசியை நீங்க எதுக்கும்மா தூக்கிட்டு வந்து படிச்சீங்க? நந்தகுமாரை ஒரு தடவை கூப்புடட்டுமான்னு நான் கேட்டேன். நான்தானே தினமும் அதோட இருந்தேன், அதுக்கு ஒண்ணுமில்லைன்னு எனக்குத் தெரியாதா? நான் சொன்னது உங்க காதுல உழுகலை. உங்களுக்கு உங்க தம்பி பேருதான் பெருசு. கயித்தைப் புடிச்சு லாரியில ஏத்துனது நானுங்க. என் பின்னாலதானே அது ஏறுச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வாரம் ஆகிறது. இங்கேதான் இருக்கிறாள். மஞ்சள் காய வைக்கிறாள், அவள் அப்பாவுக்குச் சோறு போடுகிறாள், எனக்கும் போடுகிறாள். நான் ஏதாவது கேட்டால் அவர் பக்கம் திரும்பிப் பதில் சொல்கிறாள்.

நான் உன்னைக் கடிதம் முழுக்கச் சபிக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. நீ குடித்தாய், விழுந்தாய், பயந்தாய், பொய் சொன்னாய். நான் குடிக்கவும் இல்லை, விழவும் இல்லை. நல்ல நிதானத்தில் என் மகள் பேச்சைத் தள்ளிவிட்டு உன் பேச்சை எடுத்துக்கொண்டேன்.

உன்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டு இனி எழுதாதே. அந்த வரிசையில் உனக்கு முன்னால் நான் நிற்கிறேன். ரிக் ஆபீஸ்காரரிடமும் சொல்லிவிட்டேன், இனி என் பேருக்குக் கடிதம் வந்தால் வாங்க மாட்டேன் என்று.

அவள் என்னோடு பேசட்டும். பிறகு பார்க்கலாம், எனக்கு ஒரு தம்பி இருக்கிறானா என்று.

அமுதவல்லி